பற்றாக்குறை என்று எழுத ஏன் தயக்கம்?

கோடை வந்தால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மின்சாரச் சிக்கன அறிவிப்புகள் தமிழிலும் வருகின்றன. அவற்றில் தவறாமல் இருக்கும் தொடர்: ‘தேவைக்கும் வழங்கலுக்கும் இடையிலான இடைவெளி’. மலையாள மூலத்தில் ‘விடவு’ என்றிருக்கும். அதுவே ஆங்கிலத்தின் ‘கேப்’பைப் பார்த்து எழுதியது. அதைப் பார்த்து நமக்கு ஒன்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

தமிழில் இதற்குச் சொல் இருக்கிறது: பற்றாக்குறை. பற்றுதல் என்பதற்குப் போதுமானதாக இருத்தல் என்றும் பொருள் உண்டு. அது எதிர்மறையாகிப் ‘பற்றா’ ஆயிற்று. பற்றாத குறை பற்றாக்குறை. பேச்சில் ‘பத்தாது’ என்கிறோமே, அதே வினைதான். மலையாளத்தில் ‘பற்றில்ல’ என்றால் முடியாது என்று பொருள். அங்கே சொல் வேறு வழியில் போய்விட்டது.

இனி இந்த ‘இடைவெளி’. இரண்டு வரிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும், இரண்டு தென்னைகளுக்கு நடுவே இருக்கும். அதனால் யாருக்கும் எதுவும் கிடைக்காமல் போவதில்லை. பற்றாக்குறை என்றாலோ, யாருக்குப் பற்றவில்லை என்ற கேள்வி உடனே எழுகிறது. அந்தக் கேள்வி எழவேண்டும்.

மின்சாரத்தின் இயல்புக்கும் ‘இடைவெளி’ பொருந்தாத சொல். மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின்தொகுப்பில் உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் ஈடாக இருக்கவேண்டும். அந்த ஈட்டைக் காட்டுவது 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண். இழுப்பது மிஞ்சினால் அதிர்வெண் சரியும். சரிவு முற்றினால் தொகுப்பே விழுந்துவிடும் என்பதால் அதற்குமுன் சில ஊர்களின் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். அறிக்கையில் இடைவெளி என்று எழுதப்படுவது ஒரு வீட்டில் அரை மணி நேர இருட்டு.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் தேவையை மிஞ்சினால் அதுவும் இடைவெளி. விளக்கு வைத்தபின் மின்சாரம் போதாமல் போனால் அதுவும் இடைவெளி! மிகுதியையும் குறையையும் ஒரே பெயரால் அழைப்பதில் என்ன தெளிவு இருக்கிறது? முன்னதை உபரி என்றும் பின்னதைப் பற்றாக்குறை என்றும் சொன்னால் பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும். மத்திய மின்சார ஆணையம் ஆண்டு முழுவதுக்குமான ஆற்றலை யூனிட்டிலும் உச்சநேரத் தேவையை மெகாவாட்டிலும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. ஆற்றல் பற்றாக்குறை, உச்சநேரப் பற்றாக்குறை என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். ‘உச்சநேர இடைவெளி’ என்றால் இரண்டு உச்சநேரங்களுக்கு நடுவே உள்ள ஓய்வு என்றுதான் நான் புரிந்துகொள்வேன்.

பற்றாக்குறை வழங்கும் பக்கத்தை மட்டுமே குற்றம் சொல்கிறது, பயன்பாட்டைக் குறைப்பது அதில் அடங்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். வீட்டுச் செலவு பற்றவில்லை என்றால் வரவைக் கூட்டலாம், செலவைச் சுருக்கலாம். இரண்டும் பற்றாக்குறையைத் தீர்க்கும் வழிகளே. அரசின் நிதிநிலையில் பற்றாக்குறை என்று கூசாமல் எழுதுகிற அதே கைகள் மின்சாரம் என்றதும் இடைவெளிக்குத் தாவுவது எனக்கு விளங்கவில்லை.

பெயர் தவறினால் வினையும் தவறுகிறது. இடைவெளியை ‘மூடுகிறார்கள்’, ‘நிரப்புகிறார்கள்’, அதற்குப் ‘பாலம் அமைக்கிறார்கள்’. தமிழ்நாட்டின் புகளூரிலிருந்து பாலக்காடு மாவட்டம் வழியாகத் திருச்சூருக்குப் போகும் 2,000 மெகாவாட் மின்பாதை 2021இல் திறக்கப்பட்டது. அது எதற்கும் பாலம் அமைக்கவில்லை. தேவையில் பாதிக்குமேல் வெளியிலிருந்து வாங்கும் கேரளத்தின் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது. ஈடுகட்டுதல், தீர்த்தல், போக்குதல்: மூன்று வினைகள் கைவசம் இருக்கின்றன, மூன்றும் பற்றாக்குறையோடு இயல்பாகச் சேர்கின்றன.