துப்பாக்கிச் சூடு அல்ல, துப்பாக்கி சுடுதல்

"துப்பாக்கிச் சூட்டில் இந்திய வீராங்கனைக்கு வெண்கலம்." 2024 பாரிஸ் ஒலிம்பிக் நேரத்தில் இந்த மாதிரித் தலைப்பைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு சொல்லைப் படித்ததும் மனசு பதறுகிறது. வெண்கலம் என்று வந்த பிறகுதான் மனு பாக்கர் பதக்கம் வாங்கிய செய்தி என்று புரிகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சுடு என்பது வினை. 'தல்' சேர்ந்தால் சுடுதல். முதலெழுத்து நீண்டால் சூடு. கெடு, கேடு ஆவது போலத்தான். துப்பாக்கி என்ற சொல் துருக்கி, பாரசீக வழியில் வந்தது. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற குறளைக் காட்டி இது வள்ளுவர் காலத்துச் சொல் என்று சிலர் வாதிடுகிறார்கள். அங்கே அது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. மழையைப் பற்றிய குறள் அது.

சரி, இலக்கணப்படி சூடு தவறில்லையே என்று கேட்பார்கள். தவறில்லைதான். ஆனால் வழக்கு என்று ஒன்று இருக்கிறது. 1919-இல் ஜாலியன்வாலாபாகில் நடந்தது துப்பாக்கிச் சூடு. 2018-இல் தூத்துக்குடியில் நடந்தது துப்பாக்கிச் சூடு. மனிதர்களை நோக்கிச் சுட்டதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. 10 மீட்டர் தள்ளி நின்று, 4.5 மில்லிமீட்டர் குண்டால் 0.5 மில்லிமீட்டர் நடுப்புள்ளியை அடிக்க மூச்சை அடக்கி நிற்கும் விளையாட்டுக்கும் அதே பெயரா? அந்த ஏர் ரைபிளில் வெடிமருந்துகூடக் கிடையாது, அழுத்திய காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது.

தலைப்பில் இடம் போதாது என்பது அடுத்த வாதம். சூடு இரண்டு எழுத்து, சுடுதல் நான்கு எழுத்து. இரண்டு எழுத்துக்காக விளையாட்டைக் கலவரச் செய்தி ஆக்க வேண்டுமா? தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் 'துமுக்கிச் சூடு' என்கிறார்கள். துப்பாக்கியை மாற்றினார்கள், குழப்பம் தரும் சூட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். 'இலக்கு சுடுதல்' என்றால்கூட ஏற்றுக்கொள்வேன், பொருள் மயங்காது.

அமைப்பின் பெயரிலும் இதே அலட்சியம். இந்தியாவில் இந்த விளையாட்டை நடத்துவது இந்திய தேசிய ரைபிள் சங்கம். 1951-இல் தொடங்கியது, மக்களவையின் முதல் தலைவர் மாவ்லங்கர்தான் இதற்கும் முதல் தலைவர். தேசியப் போட்டிகளை நடத்துவது, இந்திய அணியைத் தேர்வு செய்வது எல்லாம் இவர்கள் பொறுப்பு. பெயரில் ரைபிள் மட்டும் இருந்தாலும் பிஸ்டல், ஷாட்கன் பிரிவுகளும் இவர்களிடம்தான். இதைத் 'தேசிய துப்பாக்கிச் சங்கம்' என்று எழுதினால், துப்பாக்கி வைத்திருப்பவர்களின் உரிமைச் சங்கம் போல ஒலிக்கிறது. பெயரை அப்படியே எழுதிவிட்டு, 'துப்பாக்கி சுடுதல் விளையாட்டின் தேசிய அமைப்பு' என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும். அப்புறம், 'தேசிய படப்பிடிப்பு சாம்பியன்ஷிப்' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்திருந்தால் அது அச்சேறியிருக்காது.

இத்தனைக்கும் 'துப்பாக்கிச் சூட்டு வீரர்' என்று யாரும் எழுதுவதில்லை. தலைப்பில் சூடு என்று போட்ட அதே செய்தியின் இரண்டாவது வரியில் 'துப்பாக்கி சுடும் வீராங்கனை' என்று சரியாகவே இருக்கிறது.