பார்த்தீனியம்: பூப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்

ஒரு நல்ல மழை போதும், காலி மனை, சாலையோரம், வீட்டுப் புல்தரை என்று எல்லா இடத்திலும் பார்த்தீனியம் முளைத்துவிடும். வெள்ளை வெள்ளையாகப் பூத்த பிறகுதான் பலர் கண்ணிலும் படுகிறது. அதற்குள் காரியம் கைமீறிவிடும்.

பூவைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். அகலம் 4 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். ஒற்றைப் பூ என்று தோன்றுவது, பல குட்டிப் பூக்கள் நெருக்கிக்கொண்டிருக்கும் ஒரு தலை. அதன் விளிம்பில் ஐந்து மூலைகளில் ஐந்து பெண் பூக்கள். ஒவ்வொன்றும் ஒரு விதை தரும். நடுவில் குவிந்திருப்பவை ஆண் பூக்கள். அவற்றின் மகரந்தம்தான் சிலருக்குத் தும்மலும் மூக்கொழுகலுமாக வந்து நிற்கிறது. செடியில் உள்ள பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் தோலில் பட்டால், ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கடுமையான அரிப்பும் புண்ணும் வரும். நன்கு வளர்ந்த ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்கும். மண்ணில் புதைந்த விதை சில ஆண்டுகள் வரை முளைக்காமல் காத்திருக்கும்.

ஆகவே இளஞ்செடியிலேயே அடையாளம் தெரிய வேண்டும். கேரட் இலை போலப் பிளவுபட்ட இலைகள், தரையோடு தரையாக வட்டமாகப் படர்ந்திருக்கும். அடியில் புல்லுக்கு வெயிலே படாது. பிறகுதான் தண்டு எழும்பிப் பூக்கும்.

வெள்ளையாகப் பூப்பதெல்லாம் பார்த்தீனியம் இல்லை. கரிசலாங்கண்ணியும் வெள்ளைப் பூதான். ஆனால் இலை பிளவுபடாமல் எதிரெதிராக இருக்கும், கசக்கினால் சாறு கறுக்கும். தும்பைக்குச் சதுரத் தண்டு, உதடு விரித்தாற்போலப் பூ. இரண்டையும் ஒரு மூலையில் விட்டுவைக்கலாம் என்பேன். நீண்ட காம்பில் மஞ்சள் நடுவும் வெளிறிய சில இதழ்களுமாக நிற்கும் மூக்குத்திப் பூண்டு மட்டும் புல்தரைக்குத் தொல்லை. தண்டு தரையில் படும் கணுவிலெல்லாம் வேர் விடும். புல்வெட்டும் இயந்திரத்துக்கு எட்டாமல் தாழ்வாகப் படரும். அதைக் கையால்தான் களைய வேண்டும்.

பார்த்தீனியத்தை அரிவாளால் அறுத்தால் அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பூக்காத செடி என்றால் தாராளமாக உரக்குழியில் போடலாம். பூத்துவிட்டதா, சரி, பைக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். உரக்குழிக்குப் போனால் விதை திரும்ப உங்கள் பாத்திக்கே வந்து சேரும். உப்புக்கரைசல் தெளித்தாலும் செடி கருகும். ஆனால் மண் கெட்டுவிடும் என்பதால், எதுவும் வளர வேண்டாத நடைபாதையோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தச் செடியைத் தின்னவே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டை 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வெளிர்மஞ்சள் முதுகில் கறும்பழுப்புக் கோடுகள் ஓடும். வண்டு, புழு இரண்டுமே இலையை அரித்துத் தின்னும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் அடங்கிக் கிடந்து மழையோடு வெளியே வரும். அதனால் பருவம் தப்பி முளைக்கும் செடிகள் தப்பிவிடுகின்றன. பக்கத்துக் காலி மனையில் இந்த வண்டைப் பார்த்தால் அங்கே பூச்சிமருந்து அடிக்க விடாதீர்கள்.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் பார்த்தீனியமே திரும்ப முளைக்கும். புல்தரையில் வெற்றிடம் தெரிந்தால் அன்றைக்கே புல் பதியுங்கள். வேலியோரமா, தகரை விதையைத் தூவுங்கள். அடர்ந்து வளர்ந்து அதற்கு இடம் விடாது.