கியூ கூறு: திப்பியில் நிற்கும் சத்து

செங்கோட்டை வீட்டில் ஆச்சி கசாயம் வைத்தால், சுக்கும் குறுந்தோட்டி வேரும் எட்டில் ஒன்றாக வற்றும்வரை அடுப்பில் கிடக்கும். பிறகு பழைய வேட்டித் துணியில் பிழிவாள். சாறு எனக்கு, திப்பி வாழை மூட்டுக்கு. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலும் இதே முறைதான். சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிடும் என்பது நம் நம்பிக்கை. விண்கல் ஆய்வில் வரும் 'பேஸ் கியூ' (Phase Q) என்ற பெயருக்குத் தமிழ் தேடியபோது எனக்கு அந்தத் திப்பிதான் நினைவுக்கு வந்தது.

1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்தது அலெண்டே விண்கல். சிகாகோ பல்கலைக்கழகத்தின் லூயிஸ், சீனிவாசன், ஆண்டர்ஸ் மூவரும் அதை ஹைட்ரோஃபுளோரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களில் கரைத்தார்கள். 100-க்கு ஏறத்தாழ அரைப் பங்கு கறுப்புத் திப்பி மட்டும் மிஞ்சியது. கல்லிலிருந்த ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகிய மந்த வாயுக்களில் பெரும்பகுதி அதற்குள்தான் இருந்தது! அந்தத் திப்பியை நைட்ரிக் அமிலத்தில் இட்டார்கள். எடை கொஞ்சம்தான் குறைந்தது, வாயுக்களோ பெரும்பாலும் போய்விட்டன. அப்போது அழிந்த அந்தச் சிறு பொருளுக்கு 1975-இல் இட்ட பெயர்தான் கியூ.

'குவின்டெசன்ஸ்' என்பதன் முதலெழுத்து அது. லத்தீனில் ஐந்தாம் சாரம். மண், நீர், தீ, காற்று நான்கையும் கடந்து வானுலகை நிரப்பும் ஐந்தாவது பொருள் ஒன்று உண்டு என்று கிரேக்கர் எண்ணினார்கள். நம் ஐம்பூதத்தில் விசும்பு இருக்கும் இடம். வானிலிருந்து விழுந்த கல்லுக்கு எத்தனை பொருத்தம்!

'பேஸ்' என்றதும் 'கட்டம்' என்று எழுதக் கை போகும். அது பிழை. கட்டம் என்பது காலத்தின் அல்லது வேலையின் ஒரு படி. இங்கே குறிப்பது ஒரு கலவைக்குள் தனித்த தன்மையோடு இருக்கும் பொருளை. அதற்குக் 'கூறு' போதும். 'சாறு', 'சாரம்' இரண்டும் வேண்டாம், கரைந்து வடிந்தது என்ற எண்ணத்தைத் தந்துவிடும். முதல் அமிலங்களில் வடிந்தது வெறும் கல், சத்து நின்றது திப்பியில்.

வாயுவைப் பிடித்து வைக்கும் எந்தப் பொருளுக்கும் பொதுப்பெயராக 'வளிதாங்கு கூறு' என்கிறேன். நைட்ரிக் அமிலத்துக்கும் அசையாத, ஐசோடோப்பு விகிதம் வழக்கத்துக்கு மாறான விசித்திர செனான் ஒன்று அதே திப்பியில் இருந்தது. அதைத் தாங்கியவை சூரியனுக்கும் மூத்த நுண்வைரங்கள் என்று 1987-இல் தெரிந்தது. அவையும் வளிதாங்கு கூறுதான், ஆனால் கியூ அல்ல.

கியூ எழுத்தை மட்டும் மாற்றாமல் வைக்கிறேன். அது கார்பன் சார்ந்த பொருள் என்று தெரியும், ஆனால் இதுவரை யாரும் அதைத் தனியே பிரித்தெடுத்ததில்லை. நைட்ரிக் அமிலத்தில் அது போனதும் வாயுவும் போகிறது என்பதே அதன் அடையாளம்.