சொல் விளக்கம்: சாய்வாடி

கேரள எல்லையில், பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் நிலாப் பார்க்க வந்த பிள்ளைகளில் ஒருத்தி என் தொலைநோக்கியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கேட்டாள்: "ஏனுங்க சார், குழாய் ஏன் இப்படிக் கோணலா இருக்குது?"

நல்ல கேள்வி. இந்தக் கருவியின் ஜெர்மன் பெயரிலேயே அந்தக் கோணல் இருக்கிறது. ஷீஃப்ஷ்பீக்லர் என்பது பெயர். அதற்கு நான் வைக்கும் தமிழ்ச் சொல்தான் சாய்வாடி. 'ஷீஃப்' என்றால் சாய்ந்தது, கோணலானது. 'ஷ்பீகல்' கண்ணாடி, லத்தீன் 'ஸ்பெக்குலம்' வழியே வந்த சொல்.

வழக்கமான நியூட்டன் தொலைநோக்கியில் சின்னக் கண்ணாடி ஒன்று குழாயின் நடுவே, ஒளி வரும் வழியிலேயே நிற்கும். அதுவும் அதைத் தாங்கும் கம்பிகளும் ஒளியை மறித்துச் சிதறடிக்கும். வியாழனின் பட்டைகள் போன்ற மெல்லிய நிறவேறுபாடுகள் மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒளியைத் திரட்டும் பெரிய கண்ணாடியை, அதாவது முதன்மைக் கண்ணாடியைச் சற்றே சாய்த்துவிட்டால் ஒளி பக்கவாட்டில் வெளியேறும். இரண்டாம் கண்ணாடியை வழிக்கு வெளியே வைக்கலாம். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1789இல் முடித்த 40 அடித் தொலைநோக்கியில் முதன்மைக் கண்ணாடியைச் சாய்த்து, இரண்டாம் கண்ணாடியே இல்லாமல் பார்த்தார். ஏனென்றால், செம்பும் வெள்ளீயமும் கலந்த அவர் காலத்துக் கண்ணாடி ஒளி பட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளியை விழுங்கிவிடும். நம் பக்கத்து ஆரன்முளைக் கண்ணாடியும் அந்த உலோகக் குடும்பம்தான்.

சாய்த்தால் விலை உண்டு. விண்மீனுக்கு வால் முளைக்கும். கண் மருத்துவர் சொல்லும் அஸ்டிக்மாட்டிசமும், அதாவது புள்ளி கோடாக இழுபடும் குறையும் வரும். ஜெர்மனியின் பீபராக் நகரத்துத் திரைப்பட இயக்குநரும் வானியல் ஆர்வலருமான ஆன்டன் குட்டர் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்புத் தருவது: முதலாவது உட்குழிந்த குழியாடி, இரண்டாவது வெளியே புடைத்த குவியாடி, இரண்டையும் கணக்காகச் சாய்த்தால் ஒன்றின் பிழையை மற்றது பெரிதும் தின்றுவிடும். 1953இல் அவர் இதை நூலாக்கினார். முதன்மைக் கண்ணாடி 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருவிக்கு இரண்டும் வெறும் கோளப்பரப்பாகவே போதும். வீட்டில் கையால் தேய்த்துவிடலாம். ஒளி ஒன்றுகூடும் குவியத்தூரம் விட்டத்தைப்போல் 20 மடங்குக்கு மேல் போகும்; படம் பெரிதாகும், பார்வைப் பரப்பு குறுகும். ஆகவே நிலாவுக்கும் கோள்களுக்குமே இது ஏற்றது.

தமிழில் என்ன சொல்வது? 'ஆடி' கண்ணாடிக்குப் பழஞ்சொல்; குறுந்தொகை எட்டாம் பாட்டிலேயே 'ஆடிப் பாவை' வருகிறது. கோணலாடி என்றால் குறை சொல்வதுபோல் ஆகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற மொழியில், கோணல் என்றாலே பழுது. இங்கே சாய்வு பழுதல்ல, திட்டம். சாய் என்பதோடு ஆடியை நேரே சேர்த்தால் 'சாயாடி'. பாலக்காட்டுப் பக்கம் அதைக் கேட்பவருக்குத் தேநீர்தான் நினைவில் வரும். சாய்வு + ஆடி = சாய்வாடி. இதுவே சரி என்பேன். மலையாளத்திலும் சாய்வு உண்டு, கண்ணாடியும் உண்டு. எல்லையின் இருபுறத்துப் பிள்ளைகளுக்கும் கேட்டதும் விளங்கும்.

கருவி முழுவதையும் சொல்ல, சாய்வாடித் தொலைநோக்கி. இதே குடும்பத்தில் ஆர்தர் லெனர்ட் அமைத்த 'யோலோ'வில் இரண்டுமே குழியாடிகள். அது கலிஃபோர்னியாவின் ஒரு மாவட்டப் பெயர். அதை மொழிபெயர்க்காமல் யோலோ சாய்வாடி என்றே எழுதலாம்.