புது ஸ்விட்ச் வெறும் பெட்டி அல்ல

"சார், நெட் வருது, போகுது. நாலு பேருக்கு வருது, நாலு பேருக்கு வரல." திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு அழைப்பு. முந்தின நாள்தான் புதிதாக 16 போர்ட் ஸ்விட்ச் (கணினிகளின் நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி; போர்ட் என்பது கேபிள் செருகும் துளை) ஒன்று மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. பீஸில் கோளாறு என்று கடையில் மாற்றி வாங்கி வந்தார்கள். அதிலும் அதே தொல்லை.

இரண்டு பீஸும் ஒரே மாதிரி நடந்தால் பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது. ஸ்விட்சைத் தயாரித்தவர்கள் உள்ளே வைத்தே அனுப்பிய செட்டிங்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நேரில் போய்ப் பார்த்தேன். டேலி திறக்கிறது, சர்வர் ஃபைல்கள் வருகின்றன, பிரின்டர் ஓடுகிறது. இணையம் மட்டும் இல்லை. அந்த அலுவலகத்தின் கேட்வே, அதாவது இணையத்துக்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரி, 192.168.0.1. 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங் கட்டளையை அதற்குக் கொடுத்தால் உடனே பதில் வருகிறது. பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பதில் வருவதால் ரவுட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டி, இணைய இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள். பதில் சொல்வது ரவுட்டர்தானா என்று யாரும் பார்ப்பதில்லை.

கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஆர்ப் -ஏ' (arp -a) அடித்தேன். எந்த ஐபி முகவரிக்கு எந்தக் கருவி பதில் சொன்னது என்று அது காட்டும். 192.168.0.1-க்கு நேராக இருந்த மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்) தாளில் எழுதிக்கொண்டு, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. புது ஸ்விட்சைக் கவிழ்த்து அதன் ஸ்டிக்கரைப் பார்த்தேன். பன்னிரண்டு எழுத்தும் அப்படியே இருந்தன. பிரவுசரில் 192.168.0.1 என்று போட்டால் திறந்ததும் ஸ்விட்சின் லாகின் பக்கம்தான்.

அவர்களிடம் முன்பு இருந்தது சாதாரண ஸ்விட்ச். அதற்கென்று ஐபி முகவரியே கிடையாது. புதிதாக வாங்கியது 'ஸ்மார்ட்' ரகம். அதற்குச் சொந்தமாக ஒரு முகவரி உண்டு, அது ரவுட்டரின் முகவரியாகவே அமைந்துவிட்டது. '192.168.0.1 யார்?' என்று கணினி கேட்டதும் இரண்டும் 'நான்தான்' என்கின்றன. ரவுட்டரின் பதில் மனதில் நின்ற கணினிக்கு இணையம் கிடைக்கிறது. ஸ்விட்சின் பதில் நின்றால், வெளியே போக வேண்டிய தகவல் ஸ்விட்சோடு முடிந்துவிடுகிறது. சில நிமிடம் கழித்து மறுபடி கேட்கும்போது நிலைமை மாறலாம். 'வருது, போகுது' என்று அவர்கள் சொன்னது இதைத்தான்.

ஸ்விட்சிலிருந்து எல்லாக் கேபிள்களையும் கழற்றி, என் லேப்டாப்பை மட்டும் இணைத்தேன். லேப்டாப்புக்குக் கையால் 192.168.0.10 கொடுத்து உள்ளே நுழைந்து, ஸ்விட்சின் முகவரியை 192.168.0.250 ஆக்கினேன். ரவுட்டர் தானாக வழங்கும் முகவரி வரிசைக்குள் அது விழவில்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டேன். பாஸ்வேர்டையும் மாற்றினேன். ஸ்விட்சோடு வரும், எல்லோரும் அறிந்த பாஸ்வேர்டை அப்படியே விட்டால், அலுவலக வைஃபையில் இருக்கும் எவரும் உள்ளே வரலாம்.

அப்புறம், பல ஸ்விட்சுகளில் 'அப்ளை' வேறு, 'சேவ்' வேறு. அப்ளை மட்டும் கொடுத்தால் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் சேவ் கொடுத்த பிறகு, பவர் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

இன்னும் சில இடங்களிலும் இப்படி மாட்டிக்கொள்ளலாம். பெரிய ஸ்விட்சுகள் பலவற்றில் ஸ்பேனிங் ட்ரீ (கேபிள்கள் சுற்றாக இணைந்து நெட்வொர்க் முடங்காமல் காக்கும் வசதி) ஆன் செய்தே வரும். பழைய முறையில், கேபிள் செருகியதும் போர்ட் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, அதன் பிறகே வழிவிடும். கணினி அந்த 30 நொடி பொறுக்காமல் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். கணினி இணைக்கும் போர்ட்டுகளில் மட்டும், காத்திருக்காமல் உடனே வழிவிடும் எட்ஜ் போர்ட் வசதியை ஆன் செய்தால் போதும். இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டில் தயவுசெய்து வேண்டாம். சுற்று உண்டாகி மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடலாம்.

மல்டிகாஸ்டில் (ஒரே படத்தைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பும் முறை) ஓடும் கேமரா படம் நாலைந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறதா? கேட்கும் போர்ட்டுகளுக்கு மட்டும் படத்தை அனுப்பும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஆனில் இருந்து, 'இன்னும் யாருக்கு வேண்டும்?' என்று அவ்வப்போது விசாரிக்கும் குவெரியர் எங்குமே இல்லையா என்று பாருங்கள். 260 நொடி விசாரிக்க ஆள் இல்லையென்றால், ஸ்விட்ச் அந்தப் போர்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

பழைய சிஸ்கோ ஸ்விட்ச் வாங்குபவர்களுக்கு ஒன்று. சேமித்து வைத்த செட்டிங்குகளான ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை அழித்தாலும் விலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் முறை) விவரங்கள் 'விலான் டாட் டேட்' (vlan.dat) என்ற தனி ஃபைலில் தங்கிவிடும். விலான் பட்டியலை ஸ்விட்சுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் விடிபி ஓடும் நெட்வொர்க்கில், அதே டொமைன் பெயரும் (அந்தக் குழுவின் பெயர்) கூடுதல் ரிவிஷன் எண்ணும் (பட்டியல் எத்தனை முறை மாறியது என்ற கணக்கு) கொண்ட பழைய ஸ்விட்சைச் சேர்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் விலான்கள் மொத்தமும் அழிந்துபோக வாய்ப்பு உண்டு. அந்த ஃபைலையும் அழித்த பிறகே இணையுங்கள்.

திருப்பூர் அலுவலகத்தில் கிளம்பும் முன் ரீசெட் துளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்: 'இதை அழுத்தினால் முகவரி மறுபடி 192.168.0.1. முதலில் கேபிள்களைக் கழற்றவும்.'