லோடு தாங்காமல் விழுவதில்லை ஆர்சிசிபி

மறுபடியும் ஒரு வீடு. வீட்டு சுவிட்சுகளும் பிரேக்கர்களும் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்தால், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து (ஆஃப் ஆகி) உயிரைக் காக்கும் ஆர்சிசிபியை ஓரங்கட்டிவிட்டு வயரை டைரக்டாகக் கொடுத்திருக்கிறார்கள். "மழை பெஞ்சா போதும் சார், சும்மா சும்மா விழுது. அதான் வயர்மேன் இப்படிப் பண்ணிட்டார்" என்கிறார் வீட்டுக்காரர். குளியலறையில் கீசர், மொட்டைமாடியில் வாஷிங் மெஷின், வீட்டில் சின்னப் பிள்ளைகள்.

இன்னொரு வகை வைத்தியம் இதைவிட எரிச்சல்: "லோடு தாங்கல, 40 ஆம்பியரைக் கழற்றிட்டு 63 போடுங்க." ஐயா, ஓவர்லோடுக்கு விழுவது எம்சிபி, அதாவது ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சின்ன பிரேக்கர். ஆர்சிசிபிக்கு லோடு ஒரு பொருட்டே இல்லை. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்பதுதான் அதன் கணக்கு. 40, 63 எல்லாம் அது எவ்வளவு சுமக்கும் என்பதற்கான எண்கள். விழுவதைத் தீர்மானிப்பது பக்கத்தில் பொடியாக அச்சிட்ட 30 மில்லி ஆம்பியர் என்ற கசிவு அளவு. 63 போட்டாலும் அதே 30-இல்தான் விழும். சிலர் 300 மில்லி ஆம்பியர் வாங்கி மாட்டி, "சரியாயிடுச்சு" என்கிறார்கள். அது தீவிபத்தைத் தடுக்க, உயிரைக் காப்பாற்றாது.

எப்போதாவது இடி மின்னலில் விழுந்தால் விடுங்கள். அடிக்கடி விழுந்தால் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். அப்பவும் விழுகிறதா? பெரும்பாலும் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. வீட்டு எம்சிபிகள் பெரும்பாலும் பேஸை மட்டுமே துண்டிக்கும்; இறக்கினாலும் நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். ஆர்சிசிபி விழாமல் நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக்குகளைப் பிடுங்கிப் பாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது.

நான் முதலில் சந்தேகப்படுவது கீசர் காயிலை, அடுத்து கேட் லைட்டை, அப்புறம் போர் மோட்டாரை. நடுராத்திரியில் மட்டும் விழுந்தால் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜைப் பாருங்கள்; பனி கரைக்கும் ஹீட்டர் தானாக ஓடும் நேரமாக இருக்கலாம். இன்வெர்ட்டர் மாட்டிய பிறகு ஆரம்பித்ததென்றால் நியூட்ரலை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். 9 வாட் பல்பு ஒன்றின் நியூட்ரல் ஆர்சிசிபிக்கு வெளியே போனாலே கிட்டத்தட்ட 40 மில்லி ஆம்பியர் வித்தியாசம்.

பிளக்கைப் பிடுங்கியும் விழுவது நிற்கவில்லையென்றால் கோளாறு வயரிங்கில். வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை அந்த எம்சிபி இறங்கியே இருக்கட்டும். இரண்டு நாள் வெந்நீர் இல்லாமல் குளிக்கலாம்.

தயவுசெய்து மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.