விரிவுரை: சொல் விளக்கம்

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், 'இண்டைக்கு மூண்டு லெக்சர்' என்பார்கள். பாடசாலையில் பாடமாக இருந்தது, கம்பசுக்குள் கால் வைத்ததும் லெக்சர் ஆகிவிடுகிறது. நேர அட்டவணையிலும் நியமனக் கடிதத்திலும் அதையே விரிவுரை என்று எழுதுகிறோம். துறை அறிந்த ஒருவர் மாணவர்கள் முன் நின்று, ஒரு பொருளை ஒழுங்குபட எடுத்துச் சொல்லிக் கற்பிக்கும் முறை அது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'லெகெரே' என்றால் வாசித்தல். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நடந்ததும் வாசிப்புத்தான். நூல்களைக் கையால் படியெடுத்த காலம். ஒரு பிரதி வாங்கப் பெருஞ்செலவு. ஆசிரியர் நூலை விரித்து வாசிப்பார், இடையிடையே விளக்குவார், மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்வார்கள். ஜெர்மன் மொழியில் இன்றும் இதற்குப் பெயர் 'ஃபோர்லேசுங்', முன்னின்று வாசித்தல். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே அச்சு இயந்திரம் வந்து நூல்கள் மலிந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஸ்லைடைச் சுவரில் போட்டு வரிவரியாக வாசித்துவிட்டுப் போகும் வகுப்பும் அந்த வேரின்படி லெக்சர்தான். அதை விரிவுரை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் தமிழ்ச் சொல் வேறு மரபில் பிறந்தது. உரை என்பது நூலுக்குச் சொல்லும் விளக்கம். பவணந்தி முனிவரின் நன்னூல் உரையைக் காண்டிகை, விருத்தி என்று இரண்டாகப் பிரிக்கிறது. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகிய ஐந்தும் காண்டிகையின் உறுப்புகள். இவற்றோடு அந்த இடத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் பிற நூல்களிலிருந்தும் கொண்டுவந்து, ஐயம் அகலச் சொன்னால் அது விருத்தி. விரித்துச் சொல்லும் உரை என்ற பொருளில் விரிவுரையும் இந்த வழியில் வந்த சொல்லே.

அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது. அங்கே ஆவியுயிர்ப்பை, அதாவது செடி இலை வழியாகத் தண்ணீரை ஆவியாக விடுவதை, பற்றி ஒரு விரிவுரை என்று வைத்துக்கொள்வோம். பயிர் ஏன் தண்ணீரை இழக்கிறது என்பது கருத்து. ஆவியுயிர்ப்பு என்ற சொல்லைப் பிரித்துக் காட்டுவது பதப்பொருள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் நெல் வயல் எடுத்துக்காட்டு. 'காலபோகத்தை விடச் சிறுபோகத்துக்கு ஏன் குளத்துத் தண்ணீர் கூட வேணும், சேர்?' என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்பது வினா. சிறுபோகக் காலத்தில் மழை குறைவு, வெயில் கடுமை, சோளகக் காற்று இலையின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிறது என்பது விடை. அந்த வினாவுக்கு இடம் விடாத வகுப்பில் ஐந்தில் இரண்டு உறுப்பு இல்லை.

இந்த முறையின் எல்லையையும் நன்னூலே சொல்கிறது. ஆசான் உரைத்ததை நன்றாக உள்வாங்கினாலும் 'கால்கூறு அல்லது பற்றலன்', கால்பங்குக்கு மேல் பிடிபடாது. அடுத்த கால்பங்கு கூடப் படிப்பவர்களோடு பழகுவதால் வரும், மீதி அரைப்பங்கு பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதால் வரும். சோதனைக்கு முன் எங்கள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துத் தங்களுக்குள் நடத்தும் 'குப்பி' வகுப்பில் இந்த இரண்டும் நடக்கின்றன. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் முதலாம் வருடப் பிள்ளைக்குப் பல வேளைகளில் குப்பியில்தான் பாடம் விளங்குகிறது. அதற்கு மண்டபமும் நேரமும் ஒதுக்கிக் கொடுப்பது பீடங்களின் கடமை என்றே நினைக்கிறேன்.

சரி, எங்கே எதை எழுதுவது? கற்பித்தல் என்றால் விரிவுரை, செய்பவர் விரிவுரையாளர். கோயில் மண்டபத்திலோ விழாவிலோ பேசுவது சொற்பொழிவு. ஒருவர் நினைவாக ஆண்டுதோறும் நடப்பது நினைவுப் பேருரை. வீட்டில் 'லெக்சர் அடிக்காதை' என்று சொல்லும்போது வருவது புத்திமதி. அங்கே விரிவுரை பொருந்தாது.